ஆறு தையல்

சந்தை கலைந்த பிறகுதான் வந்தார் லஸ்ஸினா சிதிபே.
மோட்டார் சைக்கிளின் பின்னால் போர்வை சுற்றி ஏதோ ஒன்று,
நாலு காலும் விறைத்து,
திருடிக்கொண்டு வந்த ஆடு போல.
அவிழ்த்தால், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி.
முதுகில் நீல எழுத்தில் வாடகைக் கடைப் பெயர்.
பின்னங்கால் ஒன்று தொடையோடு கிழிந்திருந்தது.

"காற்று தள்ளிவிட்டது" என்றார்.

போபோ-தியூலாசோவில் மூன்று வாரமாக
மாமர இலைகூட அசையவில்லை.
அவருடைய மச்சினன் வீட்டில் பெயர் வைக்கும் விழா,
துஆ முடிவதற்குள் படீரென்று ஒரு சத்தம்,
சோற்றுத் தட்டோடு விழுந்தவர் யார் என்பதெல்லாம்
மதியமே எனக்கு வந்து சேர்ந்தாயிற்று.

அவர் ஃபுலானி. நான் போபோ.
எங்களுக்குள் கேலிக்கு முறை உண்டு.
அவருடைய மாட்டை, மூக்கை, தாத்தாவை
நான் எது சொன்னாலும் அவர் சிரித்துத்தான் ஆகவேண்டும்.
அதற்குத் தயாராகத்தான் நின்றார்.
நான் சொல்லவில்லை.
அடுப்பில் கரியைக் கிளறினேன்.

முதலில் ஒரு சீவல் எடுத்து நெருப்பில் காட்டவேண்டும்.
மயிர் கருகும் நாற்றம் என்றால் நைலான்.
மூக்கைக் குத்திக் கண்ணில் நீர் வரவைத்தால்
குழாய்ச் சாமான், அதை நான் தொடுவதில்லை.
இது மெழுகுவத்தி போல மணத்தது, சொட்டியது.
பசை ஒட்டாது இதில். எந்தப் பசையும்.
சீன டியூப், லெபனான் டியூப் எல்லாம் பூசிப் பார்த்து
விரல் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர்.
தன் இனத்தோடுதான் சேரும், அதுவும் உருகினால்தான்.
கல்யாணத்துக்கு இனம் பார்க்கும் மாமன்களோடு
எனக்கு ஆயிரம் சண்டை,
இந்த அடுப்புக்கு முன்னால் மட்டும் நான் அவர்கள் கட்சி.

விரிசல் முடியும் இடத்தில் சூட்டு ஆணியால் ஒரு துளை.
அதற்கு மேல் ஓடாது.
பிளவை இரண்டு பக்கமும் சரித்துச் செதுக்கி
நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன்.
இருக்கைக்கு அடியில், யார் கண்ணும் போகாத விளிம்பிலிருந்து
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீற்று.
"அங்கே ஏன் அறுக்கிறாய்?" பதறினார்.
"வேறே எங்கிருந்து எடுப்பேன்?"

கீற்றும் காலும் ஒரே நேரத்தில் பளபளக்கவேண்டும்,
தேன் போல. முந்தினால் ஒட்டு பொய்.
பிந்தினால் பழுப்பாகி நொறுங்கும்.
பேச்சு கூடாது அப்போது.
அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஆறு தையல், எரிந்துபோன மின்விசிறியின் செம்புக் கம்பியில்.

ஆறட்டும் என்று தேநீர் வைத்தேன்.
இரண்டாம் சுற்றும் ஆயிற்று.

"உட்காரும்."
"பரவாயில்லை, நம்பிக்கை இருக்கிறது."
"எனக்கில்லை. உட்காரும்."

சுவரில் ஒரு கை ஊன்றி, தவணை முறையில் இறங்கினார்.
நாற்காலி ஒருமுறை முனகியது.
இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
"நாற்காலிக்கு நான் பொறுப்பு" என்றேன்,
"சுவருக்கு இல்லை."

அப்போதுதான் சிரித்தார். நெடுநேரம்.
அந்தச் சிரிப்பையும் தாங்கியது.

ஐந்நூறு பிராங்க். தையலுக்கு வெள்ளைப் பெயிண்ட் கேட்டார்,
மறுத்துவிட்டேன்.

போன வாரம் ரயிலடிப் பக்கம் ஒரு சாவு வீடு.
பந்தலுக்குள் நுழைந்ததும் யாரோ ஒரு பையன்
நாற்காலியை இழுத்துப் போட்டான்.
நீல எழுத்து. செம்பு கொஞ்சம் பச்சை பூத்திருந்தது.
இருக்கைக்கு அடியில் விரலை விட்டேன்,
நான் அறுத்த பள்ளம்.

எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.
பந்தல் கால் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
உட்கார்ந்தேன்.